கட்டுரை அரங்கேறும் விதம்

சம்பா அறுவடை முடிந்து, அரிதாள்களுக்கு இடையே உளுந்து பசுமை கட்டத் தொடங்கியிருந்த ஒரு மாசி மாதத்து மாலையில், கீரப்பாளையத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்ணொருத்தி, தான் எழுதியனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைக் குறித்து வந்திருந்த கடிதம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நெல் தரிசில் விளையும் உளுந்துக்குப் பூக்கும் பருவத்தில் தெளிக்கிற டி.ஏ.பி. உரக் கரைசலை எந்த நாளில் தெளித்தால் காய் மிகுதியாகப் பிடிக்கும் என்பதை, தன் தகப்பனாரின் மேலண்டை வயலிலேயே பாத்தி பிரித்துச் சென்ற ஆண்டு சோதித்துப் பார்த்து அவள் எழுதிய கட்டுரை அது.

"பெரியப்பா, திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. பின்னாலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த அவள் தகப்பனார், "தப்புன்னு சொல்லிட்டாங்களா, இல்ல வேணாம்னு சொல்லிட்டாங்களா? அதைக் கேட்டா இது சொல்ல மாட்டேங்குது" என்றார்.

அந்த மனிதர் பள்ளிக்கூடத்தை அதிகம் அறியாதவர். ஆயினும் ஆய்விதழ்களின் உலகம் முழுவதையும் திறக்கக்கூடிய சாவி அவருடைய கேள்வியிலேயே இருந்தது. ஒரு கட்டுரை பிழையுடையது என்று தள்ளப்படுவது ஒரு விஷயம். பிழையில்லாவிடினும் இந்த இதழின் நோக்கத்துக்கு உரியதன்று என்று விலக்கப்படுவது வேறொரு விஷயம். இன்னின்ன சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் வருக என்று திருப்பப்படுவது இவ்விரண்டுக்கும் முற்றிலும் மாறான மூன்றாவது விஷயம். முதற் கட்டுரை எழுதிய மாணவருக்கோ இம்மூன்றும் ஒரே அடியாகத்தான் வலிக்கின்றன. நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். அது மூன்றாவது வகையைச் சேர்ந்தது. பெயர் அறியாத இருவர் அவளுடைய கட்டுரையை வரிவரியாகப் படித்து, பதினான்கு கேள்விகள் எழுதியிருந்தார்கள். தெளித்த பாத்திகள் எத்தனை, தெளிக்காமல் ஒப்பீட்டுக்காக விட்ட பாத்திகள் எத்தனை. அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் நசுங்கிய செடிகள் கணக்கில் எவ்வாறு கொள்ளப்பட்டன. ஒரே ஒரு பட்டத்தின் விளைச்சலைக் கொண்டு பொதுவிதி சொல்வது எங்ஙனம் பொருந்தும் — இப்படி. இறுதியில் பதிப்பாசிரியர், இவற்றுக்கு விடையெழுதித் திருத்தி அனுப்பினால் மறுபடியும் பரிசீலிப்பதாக ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியை அவள் படித்ததாகவே தோன்றவில்லை. கேள்விகளின் எண்ணிக்கையே அவள் கண்ணை மறைத்துவிட்டது.

பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான், ஆராய்ச்சியாளன் அல்லன். ஆயினும் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பிள்ளைகள் அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போய்வருகிற காலம் இது. அவர்கள் "பேப்பர் போடணும்", "ஜர்னல்ல வரணும்", "ரிவ்யூல நிக்குது" என்று பேசிக்கொள்வதைக் கேட்கும் பெற்றோர்க்கு, அந்தச் சொற்களுக்குப் பின்னால் நடப்பது இன்னதென்று எடுத்துரைப்பார் இல்லை. ஆகையால் அன்று மாலை அவர்கள் இருவருக்கும் நான் சொன்னவற்றையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஆய்விதழ் என்பது நாம் கடையில் வாங்கும் பத்திரிகையைப் போன்றதன்று. அதில் எழுதுவோருக்குச் சன்மானம் இல்லை. அதைப் படிப்போரும் பெரும்பாலும் அதே சாஸ்திரத்தில் உழைப்போரே. 1665-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலசாபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்னும் இதழ், அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களுக்குப் பொதுவான ஒரு களமாகப் பிறந்து, இன்றளவும் நின்று நிலவுகிறது. ஒருவர் கண்டதை எல்லோரும் அறிய வேண்டும், இன்ன நாளில் இன்னார் கண்டார் என்பதற்குச் சாட்சி வேண்டும், கண்டதாகச் சொல்வது மெய்தானா என்று பிறர் சோதிக்கவும் வேண்டும் என்ற மூன்று தேவைகளிலிருந்து எழுந்ததே இந்த ஏற்பாடு. கட்டுரையை வேறு அறிஞர்களிடம் எழுத்து மூலம் அபிப்பிராயம் கேட்டு வாங்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அச்சங்கத்தில் ஒழுங்குபட்டது. உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழேகூட 1973-ஆம் ஆண்டுக்குப் பிறகே அதைத் தவறாத நியமமாகக் கொண்டது.

நமக்கு இந்த எண்ணம் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் சொல்கிறது. பெரியபுராணம் அரங்கேறியது நம் சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது வழிவழி வந்த செய்தி. நூல் செய்தவன் கற்றோர் அவையில் அதைப் படித்துக் காட்டி, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறி, அவர்கள் இசைந்த பின்னரே அது நூலென்று நாட்டில் உலவ வேண்டும் என்று வைத்த முன்னோர், ஒருவன் தன் கூற்றுக்குத் தானே சாட்சியாக நிற்க முடியாது என்பதை நன்கு உணர்ந்தவர்கள். ஆய்விதழின் பரிசீலனைக்கும் அரங்கேற்றத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கேட்பவர் முகம் எதிரே தெரியும், இங்கே தெரியாது. பெரும்பாலான இதழ்களில் எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும், மதிப்பீட்டாளர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. சில இதழ்களில் இருவர் பெயரும் இருவருக்கும் மறைக்கப்படும். மூத்த பேராசிரியர் ஒருவரின் கட்டுரையில் இளைஞர் ஒருவர் அஞ்சாமல் பிழை சொல்ல வேண்டுமாயின் இந்தத் திரை அவசியம் என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். திரைக்குப் பின்னிருந்து கடுமையாகவும் அலட்சியமாகவும் எழுதுவோர் உண்டென்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆயினும், தாமும் ஊதியமின்றி, தம் பெயரும் வெளிவராமல், முன்பின் அறியாத ஒருவருடைய கட்டுரைக்காகத் தம்முடைய சில இரவுகளைச் செலவிடும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. மாணவர் தம் கைடு எனப்படும் நெறியாளரோடு கலந்து, தம் விஷயத்துக்கு உரிய இதழ் ஒன்றைத் தேர்ந்து, அவ்விதழின் இணையதளத்தில் கட்டுரையைச் செலுத்துகிறார். ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது பெருங்குற்றமாகக் கருதப்படும். பதிப்பாசிரியர் முதலில் தாமே பார்த்து, இதழின் எல்லைக்குள் வராததை அப்போதே திருப்பிவிடுகிறார். வந்ததை அத்துறையில் தேர்ந்த இருவர் அல்லது மூவருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஏற்கலாம், சிறு திருத்தம் வேண்டலாம், பெருந்திருத்தம் வேண்டலாம், தள்ளலாம். இதற்கு இரண்டு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும்; கணிதத்தில் அதற்கு மேலும் ஆவதுண்டு. முதல் முறையிலேயே எவ்விதத் திருத்தமும் இன்றி ஏற்கப்படும் கட்டுரை மிகமிக அபூர்வம். இதை அந்தப் பெண்ணுக்கு யாரும் முன்னதாகச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்று அழுதிருக்க மாட்டாள்.

அவளுக்கு ஆறுதலாக நான் முதலில் எடுத்துக்கொண்டது, அவள் அன்றாடம் நடந்துபோகும் அதே வளாகத்தில் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உழைத்த ஒருவரின் வரலாற்றை. எஸ்.எஸ். பிள்ளை என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அவருக்கு, பள்ளி உபாத்தியாயராயிருந்த சாஸ்திரியார் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிப்புத் தடைபடாமல் காத்தார் என்று அவர் வரலாறு கூறும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்து, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவிய அதே 1929-ஆம் ஆண்டில் அங்கே கணித விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் இருந்தது இங்கேதான்.

அவர் கையிலெடுத்தது, கேம்பிரிட்ஜில் பேராசிரியராயிருந்த எட்வர்ட் வேரிங் என்பவர் 1770-இல் நிரூபணமின்றிச் சொல்லிவிட்டுப் போன ஒரு பிரச்சினை. விஷயம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. 7 என்ற எண்ணை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத 4, 1, 1, 1 என நான்கு வர்க்கங்கள் வேண்டும், மூன்றால் முடியாது. எந்த முழு எண்ணுக்கும் நான்கு போதும் என்று லக்ராஞ்சு அதே 1770-இல் நிரூபித்தார். கனங்களுக்கு வந்தால், 23-ஐ எழுத இரண்டு 8-களும் ஏழு 1-களுமாக ஒன்பது வேண்டும். எந்த எண்ணுக்கும் ஒன்பது போதும் என்று 1909-இல் ஜெர்மானியரான வீஃபரிக் நிரூபணம் வெளியிட்டார். 'மத்தமாட்டிஷே அன்னாலன்' என்னும் தலைசிறந்த இதழில் வந்த அந்த நிரூபணத்தில் ஓர் இடைவெளி இருந்தது, அதை 1912-இல் கெம்ப்னர் அதே இதழில் அடைத்தார். பெரிய இதழும் தேர்ந்த கண்களும் பிழையை முற்றாகத் தடுத்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. பிரசுரமான பின்னும் படிப்பவர் இருக்கும்வரை பரிசீலனை முடிவதில்லை.

நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு என்று மேலே போகப் போக எத்தனை வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆறாம் அடுக்கில் 703 என்ற எண்ணைப் பாருங்கள்: 3-இன் ஆறாம் அடுக்கு 729 ஆகையால் அது பயன்படாது, 2-இன் ஆறாம் அடுக்காகிய 64-ஐப் பத்து முறை எடுத்தால் 640, மீதி 63-க்கு அறுபத்துமூன்று 1-கள், ஆக மொத்தம் 73. குறைந்தது 73 வேண்டும் என்பது இவ்வளவு எளிதாகத் தெரிந்துவிடுகிறது. எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் மலையைப் பெயர்க்கும் வேலை. சோவியத் நாட்டு விநோகிராதோவ் 1930-களின் நடுவில் அளித்த புதிய உத்திகளைக் கைக்கொண்டு, உயர்ந்த அடுக்குகளுக்கெல்லாம் இந்த எண்ணிக்கையை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, துல்லியமாகச் சொல்லும் சூத்திரத்தைப் பிள்ளை நிரூபித்தார். 1936-இல் அவருடைய கட்டுரைகள் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தானே நடத்தி வந்த இதழிலும் வெளியாயின. அதே 1936-இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரும் பேராசிரியரான லியோனார்டு டிக்சன், பிள்ளையின் வேலையைச் சாராமல் தம் வழியில் அதே முடிவை அடைந்து 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' இதழில் வெளியிட்டார்.

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே, நிறுவி ஏழே ஆண்டுகளான ஒரு கல்விச்சாலையில், பெரிய நூலகங்களும் கருத்துப் பரிமாற அருகில் நிபுணர்களும் இல்லாத இடத்திலிருந்து ஒருவர், உலகின் செல்வம் மிகுந்த பல்கலைக்கழகமொன்றின் தலைமைப் பேராசிரியரோடு தோளோடு தோள் வந்து நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. இருவரும் தனித்தனியே கண்டனர் என்று இன்று கணித உலகம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குச் சாட்சியாக நிற்பது அந்தப் பழைய இதழ்களின் அச்சிட்ட தேதிதான். ஆனால் இதில் வருந்தத்தக்க ஒரு பகுதியும் உண்டு. சிகாகோவில் அச்சான இதழ் சென்றடைந்த மேசைகள் எத்தனை, அண்ணாமலை நகரில் அச்சான இதழ் சென்றடைந்த மேசைகள் எத்தனை! எழுதியது சரியாயிருப்பது ஒன்று, படிக்க வேண்டியவர் கண்ணில் அது படுவது மற்றொன்று. இரண்டாவதற்கும் சேர்த்தே இதழைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பின்னர் 1940-இல், அந்த 73-க்கான நிரூபணத்தை, சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கை இதழில் பிள்ளை வெளியிட்டார். இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். 1936-இல் கணிதச் சங்க இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரைக்கு, அதே தொகுதியில் பின்னால் பிழைதிருத்தமும் அச்சாகியிருக்கிறது. பிழை கண்டால் திருத்தம் போடுவது அந்தக் கட்டுரையின் மதிப்பைச் சற்றும் குறைக்கவில்லை.

1936 என்றதும் மற்றொருவர் நினைவுக்கு வருகிறார். அந்த ஆண்டில் ஐன்ஸ்டீனும் அவருடைய உதவியாளர் ரோசனும் ஈர்ப்பு அலைகள் என்பவை இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரை எழுதி, அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்ப, அவர் பத்துப் பக்கங்களில் ஆக்ஷேபங்களை எழுதினார். அச்சிடுவதற்கு முன் தம் கட்டுரையைப் பிறரிடம் காட்டத் தாம் அனுமதி கொடுக்கவில்லையே என்று ஐன்ஸ்டீன் சினந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு வேறோர் இதழுக்கு அனுப்பி, அச்சாவதற்குள் தம் வாதத்தில் பிழையிருப்பதை உணர்ந்து முடிவையே மாற்றினார். 1937-இல் அது திருத்தமான வடிவில் வந்தது. முதலில் ஆக்ஷேபம் எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற பௌதிக அறிஞர் என்பது அவர்கள் எல்லோரும் மறைந்து பல ஆண்டுகளான பின்னர், 2005-இல்தான், 'பிசிக்கல் ரிவ்யூ' இதழின் பழைய ஏடுகளிலிருந்து வெளிப்பட்டது. ஈர்ப்பு அலைகள் 2015-இல் கருவிகளில் பதிந்தன. ஐன்ஸ்டீனுக்கே பத்துப் பக்கம் என்றால், கீரப்பாளையத்துப் பெண்ணுக்குப் பதினான்கு கேள்விகள் அதிகமில்லை என்றேன். அப்போதுதான் அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

ராமானுஜனின் முதற் கட்டுரையின் கதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் அணுக்கமானது. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தோற்றுவித்த வி. ராமசாமி ஐயர், துணை கலெக்டராக நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூரில் இருந்தபோது, வேலை தேடி அலைந்த ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களோடு அங்கேதான் அவரைச் சென்று கண்டார். அச்சங்கத்தின் இதழில் 1911-இல் பெர்னூலி எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய கட்டுரை வந்தது. ஆனால் எழுதியபடியே வரவில்லை. அவருடைய எழுத்து மிகவும் சுருங்கி, இடைப்படிகளை விட்டுவிட்டுத் தாவிச் சென்றதால், சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்று கண்ட பதிப்பாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், கட்டுரையைத் திரும்பத் திரும்ப அனுப்பித் தெளிவாக எழுதும்படி செய்தார். அவருக்கு விளங்காத மேதைமை அது. ஆயினும் அதைக் குப்பையில் போடாமல், இன்னும் விளக்குக என்று பொறுமையோடு கேட்ட அந்தப் பதிப்பாசிரியருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதங்கோட்டாசானின் வழியில் வந்தவர் என்றே அவரை நான் கருதுகிறேன்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டின்மீது இக்காலத்தில் ஒரு நோய் பற்றியிருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் ஒரு கட்டுரையேனும் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. ஆசிரியர் பதவிக்கும் உயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையே அளவுகோலாயிற்று. எண்ணிக்கை கேட்கப்பட்ட இடத்தில் எண்ணிக்கையை விற்பவர்கள் தோன்றினார்கள். பெயரளவில் ஆய்விதழ், உள்ளே எந்த மதிப்பீட்டாளரும் இல்லை, பணத்தைக் கட்டினால் ஒரு வாரத்தில், சில சமயம் இரண்டே நாளில் கட்டுரை வெளியாகும். கொலராடோவில் நூலகராயிருந்த ஜெஃப்ரி பீல் என்பவர் இத்தகைய இதழ்களின் பட்டியலொன்றைத் தயாரித்து, 2017-இன் தொடக்கம் வரை நடத்தி உலகை எச்சரித்தார். நம் மானியக் குழுவும் ஒரு பட்டியலை வெளியிட்டது. அதிலும் போலிகள் புகுந்துவிட்டதைக் கண்டு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. பின்பு 'கேர்' என்ற பெயரில் புதிய பட்டியல் வந்தது. 2022-இன் புதிய விதிகளில் ஆய்வு மாணவருக்கான கட்டாயப் பிரசுரம் கைவிடப்பட்டது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்தப் பட்டியலும் நிறுத்தப்பட்டு, நல்ல இதழைத் தேர்ந்தறியும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிலையங்களிடமே விடப்பட்டது. கட்டாயம் நீங்கியது நன்று என்றே நான் கருதுகிறேன். விளையாத நிலத்தில் விளைந்ததாகக் கணக்கு எழுதச் சொல்லும் விதி எந்த நிலத்தையும் வளப்படுத்தியதில்லை.

கட்டணம் வாங்குகிற இதழெல்லாம் போலி என்று எண்ணிவிடவும் கூடாது. வாசகரிடம் சந்தா வாங்காமல், எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்துவிட்டு, அந்தச் செலவை எழுதுபவரிடம் அல்லது அவருடைய நிறுவனத்திடம் பெறும் நேர்மையான இதழ்கள் உண்டு. இரு தரப்பிலும் ஒன்றும் வாங்காமல் கல்விச் சங்கங்களே நடத்தும் இதழ்களும் உண்டு. சந்தா இதழ்களோ சாமானியக் கல்லூரிகளால் எட்டிப் பிடிக்க முடியாத விலையில் இருந்தவை; 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தால், ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிலையங்களின் மாணவர்கள் படிக்க வழி பிறந்திருக்கிறது. எஸ்.எஸ். பிள்ளைக்குக் கிட்டாத வசதி அது. போலியை இனங்காண்பது அவ்வளவு கடினமுமன்று. கேளாமலே கடிதம் அனுப்பி வருந்தி அழைப்பது, உளுந்தும் உளவியலும் ஒரே இதழில் வருவது, பரிசீலனைக்கு எத்தனை நாளாகும் என்பதைவிடக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் போடுவது, பதிப்பாசிரியர் குழுவில் பெயருள்ளவர்களுக்கே அந்த இதழைத் தெரியாதிருப்பது ஆகியவை அடையாளங்கள். நல்ல வழி, தன் துறையில் தான் மதிக்கும் அறிஞர்கள் எந்த இதழ்களில் எழுதுகிறார்கள், தன் கட்டுரையின் அடியில் தானே மேற்கோளாகக் காட்டியவை எந்த இதழ்களில் வந்தவை என்று பார்ப்பது.

அந்தப் பெண்ணுக்கும் அப்படியோர் அழைப்பு வந்திருந்தது. பதினான்கு கேள்விகள் வந்த அதே வாரத்தில், "மதிப்புக்குரிய பேராசிரியர்" என்று அவளை விளித்து, மூன்று நாளில் பிரசுரிப்பதாக வாக்களித்த கடிதம். கட்டணம் அவள் தகப்பனார் ஒரு பட்டத்து உளுந்து விற்று வீட்டுக்குக் கொண்டுவரும் தொகையில் பாதி. "இங்க போட்டுடலாமா பெரியப்பா? கேள்வியே கேக்க மாட்டாங்க" என்று தயங்கியபடி கேட்டாள். கேள்வி கேட்காத இடத்தில் உன் உழைப்பை யாரும் படிக்கவும் மாட்டார்கள், அம்மா என்று மட்டும் சொன்னேன். படிக்காமலே பாராட்டுகிறவரைவிடப் படித்துவிட்டுக் குறை சொல்கிறவர் அல்லவா அவளை ஆராய்ச்சியாளராக மதித்தவர்?

பிறகு மூவருமாக அமர்ந்து அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழ் விடையையும், கட்டுரையில் எந்தப் பக்கத்தில் எந்த வரி மாற்றப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். அவர் சொல்வது சரியாயின் ஏற்றுக்கொள்ளத் தயங்கக்கூடாது. தவறாயின் மரியாதையோடும் ஆதாரத்தோடும் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். கேள்விகளில் ஐந்து வெறும் விளக்கக் குறையால் எழுந்தவை. அவள் செய்திருந்தாள், எழுதாமல் விட்டிருந்தாள், ராமானுஜனுக்கு நேர்ந்ததேதான். தமிழ் வழியில் படித்து வந்தவளுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது வாக்கியம் நீண்டுவிடுமோ என்ற பயத்தில் பலவற்றை விழுங்கிவிடும் பழக்கம் இருந்தது. தகப்பனாரிடம் தமிழில் சொல்வதுபோல் முதலில் எழுதிவிட்டுப் பிறகு மொழியை மாற்று என்றேன். நான்கு கேள்விகள் கணக்கைப் பற்றியவை. அவற்றில் ஒன்றில் மதிப்பீட்டாளர்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். 'காவிரிப் படுகை முழுவதற்கும் பொருந்தும்' என்று அவள் எழுதியிருந்ததை, 'கீரப்பாளையத்துக் களிமண் நிலத்தில், ஒரு பட்டத்தில் கண்டபடி' என்று சுருக்கிக்கொள்ள அவள் மனம் ஒப்பவில்லை. நெடுநேரம் யோசித்தாள். பின்பு தானே பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினாள். அன்று அவள் செய்தவற்றுள் ஆராய்ச்சி என்று நான் சொல்வது அதைத்தான்.

மற்றவற்றையும் தீர்த்த பின் எஞ்சியது கடைசிக் கேள்வி, எல்லாவற்றிலும் கடினமானது: இரண்டாவது பட்டத்தின் விளைச்சல் எங்கே? அதற்கு எழுதி மழுப்ப இடமில்லை. பிள்ளையவர்கள் 1936-க்கும் 1940-க்கும் இடையே அந்த ஓர் ஆறாம் அடுக்குக்காக எடுத்துக்கொண்ட காலத்தை நினைவுபடுத்தினேன். அவர் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து, நாற்பத்தொன்பதாம் வயதில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற பிரச்சினையில் ஐந்தாம் அடுக்கை 1964-இல் சீனத்துச் சென் சிங்ருன் முடித்தார். எல்லாவற்றிலும் பிடிவாதமாக நின்ற நான்காம் அடுக்கை, எந்த எண்ணுக்கும் பத்தொன்பது போதும் என்று 1986-இல் நிரூபித்த மூவருள் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன். அந்தப் பாலசுப்பிரமணியனே மற்றோர் அறிஞரோடு சேர்ந்து, பிள்ளையின் கட்டுரைகளையெல்லாம் திரட்டி 2010-இல் தொகுதிகளாகப் பதிப்பித்தார். அண்ணாமலை நகரில் அச்சாகி எங்கெங்கோ சிதறிக் கிடந்த பக்கங்கள் அவ்வாறு மறுபடியும் படிப்பவர் கைக்கு வந்தன.

இதையெல்லாம் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அவள் தகப்பனார், கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரிந்தவர் போலச் சற்று நேரம் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். இருட்டிக்கொண்டு வந்தது. "அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன வேணும்? இன்னொரு பட்டம், அவ்வளவுதானே?" என்றார். "இந்த வருஷத்து உளுந்து பூவெடுக்க இன்னும் பத்து நாள் கிடக்கு. மேலண்டை வயல்ல நான் எதுவும் தெளிக்காம விட்டுடறேன். காலையில கயித்தை எடுத்துக்கிட்டு வா, பாத்தி பிரிச்சுடலாம்."